தலைவர் எதை நம்புகிறார் என்று கேட்பதா, எப்படி வாக்களிப்பார் என்று கேட்பதா?

கதவுதட்டி எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு கட்சியில் பதினோரு வருடமாக உறுப்பினராக இருக்கிறேன். கட்சியின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்தக் கட்சியைப் பற்றியதாகிவிடும். தேர்தல் வந்தால் வீடு வீடாகப் போய்த் துண்டறிக்கை போடுகிற ஆள் நான். இங்கே கதவின் நடுவில் கடிதம் போட ஒரு வாய் இருக்கும், குளிர்காற்று வராமலிருக்க உள்ளே முரட்டுத் தூரிகை வைத்திருப்பார்கள். ஒரு தெரு முடிவதற்குள் விரல் முட்டியெல்லாம் சிராய்த்துவிடும். அப்படி உழைத்த கட்சி என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தொகுதியில் நாடாளுமன்ற வேட்பாளர் நேர்காணல் நடந்தது. மூன்று பேர். அவர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் ஒருவர். வாடகைவீட்டுக்காரர்களுக்காக வருடக்கணக்கில் அலைந்தவர், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். கேள்வி நேரத்தில் ஒரு அம்மா எழுந்து, "ஒருபாலுறவு பாவம் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேட்டார். அவர் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தார், மறுபடி நாலாக மடித்தார். "என் சபை அப்படித்தான் கற்பிக்கிறது. ஆனால் சட்டத்தில் கை வைக்க மாட்டேன்" என்றார். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள்.

என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஒரு இளைஞர், தன்பாலீர்ப்பாளர். மூன்று தேர்தலாக என்னோடு கதவு தட்டுகிறார். அவர் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடியும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை வாக்கெடுப்பு. கட்சிக்கு விசுவாசம், நண்பருக்கு விசுவாசம், நல்ல வேட்பாளர் என்ற என் சொந்தக் கணிப்பு, மூன்றும் மூன்று பக்கம் இழுக்கின்றன. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

—

ஆவணப்பெட்டி எழுதியது:

உங்கள் செவ்வாய்க்கிழமையை டிம் ஃபாரன் இரண்டு வருடம் அனுபவித்தார். 2015 ஜூலையில் லிபரல் டெமாக்ராட் கட்சியின் தலைவரானார். வந்த வேகத்திலேயே சேனல் 4 தொலைக்காட்சி நேர்காணலில் இதே கேள்வி. நாம் எல்லோருமே பாவிகள்தான் என்கிற மாதிரி பதில் சொல்லி நழுவினார். 2017 தேர்தல் அறிவித்ததும் அதே கேள்வி திரும்ப வந்தது. ஐரோப்பாவைப் பற்றிப் பேச வந்த இடத்தில் எல்லாம் இதையே கேட்டார்கள். கடைசியில் ஏப்ரல் இறுதியில், பாவம் இல்லை என்று சொன்னார். ஜூன் 8ல் கட்சி 12 இடங்கள் பெற்றது, முந்தைய தேர்தலில் 8. இடம் கூடியும் ஜூன் 14ல் விலகினார். ஒரு முற்போக்குக் கட்சிக்குத் தலைவராகவும் வேதத்துக்கு உண்மையான கிறிஸ்தவராகவும் ஒரே சமயத்தில் வாழ முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அன்றைக்கே, சில மணி நேரம் முன்னால், அவர் கட்சியின் உள்துறைப் பேச்சாளர் பிரையன் பேடிக் தலைவரின் கருத்துகள் கவலை தருவதாகச் சொல்லிப் பதவியை விட்டிருந்தார். பேடிக் தன்பாலீர்ப்பாளர், லண்டன் காவல்துறையில் உயர் பதவியில் இருந்தவர்.

பலருக்கு மறந்துபோன பகுதி ஒன்று உண்டு. 2018 ஜனவரியில் ஒரு கிறிஸ்தவ வானொலியில் ஃபாரன், பாவம் இல்லை என்று அன்று சொன்னதற்காக வருந்துவதாகச் சொன்னார். அதாவது அழுத்தம் தாங்காமல் மனதில் இல்லாததைச் சொல்லியிருக்கிறார். விடாமல் கேட்டதால் கிடைத்தது ஒரு பொய். அதனால் யாருக்கும் எந்த உரிமையும் கூடவில்லை.

அவர் வாக்குகளைப் பாருங்கள். 2007ல் பாலீர்ப்பு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் விதிகளுக்கு எதிராக வாக்களித்தார். 2013ல் ஒருபாலினத் திருமண மசோதாவின் இரண்டாம் வாசிப்பில் ஆதரித்தார். மூன்றாம் வாசிப்பில், அதாவது கீழவையின் இறுதி வாக்கெடுப்பில், அவையில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருந்தது: ஏன் வரவில்லை? அதை உரக்கக் கேட்டவர்கள் குறைவு. பாவமா, பாவமில்லையா என்பதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

—

சபைமணி எழுதியது:

நான் விசுவாசி. அதனால் என் பதிலில் சார்பு இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பாவம் என்பது சபைக்குள் புழங்குகிற சொல். குற்றம் என்பது சட்டத்தின் சொல். ஒருவர் தன் வீட்டில், தன் ஜெபத்தில் எதைப் பாவமாகக் கருதுகிறார் என்பதை வைத்து அவரைப் பொதுவாழ்வுக்குத் தகுதியில்லாதவர் ஆக்கினால், பக்தியுள்ளவர்களுக்கு அரசியலில் கதவு மூடப்படுகிறது. பேராசை, பொய், குடிவெறி, விவாகரத்து என்று எங்கள் சபை பாவமாகச் சொல்வது எவ்வளவோ இருக்கிறது. அவற்றைப் பற்றி எந்த வேட்பாளரையும் மேடையில் நிறுத்திக் கேட்பதில்லை.

இன்னொன்று. மதம் என்றால் ஒரே குரல் என்று நினைத்துக்கொண்டு பேசாதீர்கள். பிரிட்டனில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 2009லேயே ஒருபாலினத் திருமணத்தை ஏற்றார்கள். மெதடிஸ்ட் திருச்சபை 2021 ஜூனில் ஏற்றது. ஸ்காட்லாந்து திருச்சபை 2022ல் தன் போதகர்களுக்கு அனுமதி தந்தது. இங்கிலாந்து திருச்சபை திருமணத்தை ஏற்கவில்லை, ஆனால் 2023 பிப்ரவரியில் அதன் பொதுச்சபை இணையர்களை ஆசீர்வதிக்கும் ஜெபங்களுக்குச் சம்மதித்தது. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் சபைக்குள்ளேயே கண்ணீரோடு சண்டை போட்ட விசுவாசிகள் இருக்கிறார்கள். உங்கள் வேட்பாளரும் அந்தச் சண்டையின் நடுவில் எங்கோ நிற்கிறவராக இருக்கலாம். தாளை நாலாக மடித்தார் என்றீர்களே, எனக்கு அது மனதில் நிற்கிறது.

—

மார்கழி எழுதியது:

சபைமணி அண்ணா, உங்களிடம் கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அறைக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஆளின் பக்கத்திலிருந்து ஒரு முறை பாருங்கள்.

என் மகளுக்கு இப்போது மனைவி இருக்கிறாள். 2013 பிப்ரவரி 5ஆம் தேதி மகளுக்கு வயது 19. அந்த விவாதம் முழுவதையும் நாடாளுமன்றத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எனக்கு அப்போது இதில் பாதிகூடப் புரியாது. அவள் என்னிடம் சொல்லியே நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் அவளைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அன்று ராத்திரி வலப்பக்கம் 400, இடப்பக்கம் 175 என்று படித்தார்கள். அவள் ஜெயித்ததைக் கொண்டாடவில்லை. கைபேசியை எடுத்து அந்த 175 பேரில் எங்கள் தொகுதி உறுப்பினர் இருக்கிறாரா என்று தேடினாள். இருந்தார். நான் இரண்டு முறை வாக்களித்த ஆள். "அம்மா, இவருக்குத்தானே நீ போட்டாய்?" என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது, தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவருக்கு மத நம்பிக்கை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் என் மகளைப் பாவி என்று நினைத்தாரா என்பதும் தெரியாது. வாக்கு மட்டும்தான் தெரியும். அது போதும் எனக்கு.

கதவுதட்டி, உங்கள் நண்பரிடம் பேசினீர்களா?

—

கதவுதட்டி எழுதியது:

இல்லை அக்கா. பேசவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் நாலு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அதை நானே கவனித்தேன்.

—

நேர்கோடு எழுதியது:

எல்லோரும் வாக்கு வாக்கு என்கிறீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. தலைவர் என்பவர் கை தூக்குகிற எந்திரமா? எந்த மசோதா முதலில் வரும், எது கிடப்பில் போகும், யாரை அமைச்சராக்குவது, எந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவது எல்லாம் அவர் மனதிலிருந்துதான் வருகிறது. வாக்கெடுப்புக்கே வராத முடிவுகள்தான் அதிகம்.

கேட் ஃபோர்ப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையைச் சேர்ந்தவர். 2023 பிப்ரவரியில் எஸ்என்பி என்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்டபோது, 2014ல் தான் உறுப்பினராக இருந்திருந்தால் ஒருபாலினத் திருமணத்துக்கு எதிராக வாக்களித்திருப்பேன் என்று மறைக்காமல் சொன்னார். இருக்கிற சட்டத்தை மாற்ற மாட்டேன் என்றும் சொன்னார். ஆதரவு தந்த சிலர் உடனே விலகினார்கள். நான் அவர்கள் பக்கம். என் உரிமையைத் தப்பென்று நினைக்கிற ஒருவர் அதைக் காப்பாற்றித் தருவார் என்று நம்பி நான் ஏன் உறங்க வேண்டும்? எதிரே வேறு ஆள் இருக்கும்போது?

—

ஆவணப்பெட்டி எழுதியது:

நேர்கோடு, உங்கள் வாதத்தில் பலம் இருக்கிறது. தலைவர் வேறு, சாதாரண உறுப்பினர் வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் போட்டியின் மறுபக்கத்தையும் வையுங்கள். எதிரே நின்ற ஹம்சா யூசஃப் இஸ்லாமியர். சமத்துவத் திருமணத்துக்கு ஆதரவு என்று தெளிவாகச் சொன்னார். ஸ்காட்லாந்துத் திருமண மசோதாவின் முதல் கட்டத்தில் ஆதரித்தும் வாக்களித்திருந்தார். ஆனால் 2014 பிப்ரவரி 4ல் 105க்கு 18 என்று மசோதா நிறைவேறிய இறுதி வாக்கெடுப்பில் அவர் இல்லை. அன்று வேறு ஒரு முக்கியச் சந்திப்பு இருந்தது என்றார், மசூதி வட்டாரத்தின் அழுத்தத்துக்குப் பயந்து விலகினார் என்று மற்றவர்கள் குற்றம் சாட்டினார்கள். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. உறுப்பினர்கள் முன்னால் இருந்தது இந்தத் தேர்வு: எதிர்க்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒருவர், ஆதரிக்கிறேன் என்று சொல்லி இறுதி வாக்குக்கு வராத ஒருவர். மார்ச் 27ல் முடிவு 52.1க்கு 47.9. யூசஃப் ஜெயித்தார். கட்சி கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்திருந்தது.

அடுத்த வருடமே, 2024 மே மாதம், ஃபோர்ப்ஸ் துணை முதலமைச்சர் ஆனார். திருமணச் சட்டம் அப்படியே இருக்கிறது.

—

வடகடல் எழுதியது:

நான் வடக்கு அயர்லாந்தின் பெல்பாஸ்டில் இருக்கிறேன். இந்த விஷயத்தை மிதமாகப் பேசுகிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

1967ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருபாலுறவு குற்றம் இல்லை என்று ஆனது. இங்கே ஆகவில்லை. 1977ல் டியுபி (ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி) தலைவர் இயன் பெய்ஸ்லி, சோதோம் பாவத்திலிருந்து எங்கள் பகுதியான அல்ஸ்டரைக் காப்பாற்றுவோம் என்று இயக்கமே நடத்தினார். சபைக்கும் அவர்தான் தலைவர், கட்சிக்கும் அவர்தான் தலைவர், இரண்டையும் அவரே நிறுவினார். ஜெஃப்ரி டட்ஜன் என்ற ஒருவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1981ல் ஜெயித்து, 1982ல்தான் சட்டம் மாறியது. கவனியுங்கள், டட்ஜனும் பிரிட்டனோடு இணைந்திருக்க வேண்டும் என்கிற யூனியனிஸ்ட் அணிதான். சொந்த அணியின் பெரிய மனிதர்களை எதிர்த்துத்தான் நின்றார். அணியை விட்டு ஓடவும் இல்லை.

அப்புறம் 2015 நவம்பர் 2. எங்கள் சட்டமன்றம் ஒருபாலினத் திருமணத்தை 53க்கு 52 என்று ஒரு வாக்கில் ஆதரித்தது. ஆனால் அன்று இங்கே ஒரு விதி இருந்தது. 30 உறுப்பினர்கள் கையெழுத்திட்டு ஆட்சேபம் கொடுத்தால் யூனியனிஸ்ட், அயர்லாந்து தேசியவாதி என்ற இரு சமூகப் பிரிவுகளிலும் போதிய ஆதரவு வேண்டும், வெறும் பெரும்பான்மை போதாது. சிறுபான்மையைக் காப்பாற்ற அமைதி ஒப்பந்தத்தில் வைத்த கருவி அது. டியுபி அதைப் போட்டுத் தீர்மானத்தை முறித்தது. அன்று சட்டமன்றத்துக்கு வெளியே நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். ஜெயித்தோம் என்று முன்வரிசையில் கத்தினார்கள், அது பின்வரிசைக்கு வந்து சேர்வதற்குள் தோற்றோம் என்ற செய்தி வந்துவிட்டது. மழைக்கோட்டுத் தொப்பிக்குள் முகத்தை இழுத்துக்கொண்டு ஆளாளுக்குக் கலைந்தோம். கடைசியில் லண்டன் நாடாளுமன்றம்தான் 2019 ஜூலையில் 383க்கு 73 என்று வழி திறந்தது. 2020 பிப்ரவரியில் முதல் திருமணம் நடந்தது.

இதில் எனக்கு இன்றைக்கும் யோசனையாக இருப்பது ஒன்றுதான். 2019 மே உள்ளூராட்சித் தேர்தலில் அதே டியுபியிலிருந்து, தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒரு பெண் கவுன்சிலராக ஜெயித்தார். கட்சிக்குள் சிலர் முணுமுணுத்தார்கள். அந்தப் பெண்ணின் விசுவாசத்தை நான் முதலில் துரோகம் என்றே நினைத்தேன், வீட்டில் அப்படியே சொன்னேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கட்சிக்கு வாக்களிக்கும் வீடுகளிலும் எங்களைப் போன்ற பிள்ளைகள் பிறக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் வாக்குச்சீட்டில் இருப்பது ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும்.

—

தென்திசை எழுதியது:

ஆஸ்திரேலியாவிலிருந்து. மதம்தான் தடை என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு எங்கள் நாட்டின் கதை உதவும்.

ஜூலியா கில்லார்ட் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், அதை வெளிப்படையாகச் சொன்ன பிரதமர். ஒருபாலினத் திருமணத்தை எதிர்த்தார். 2012 செப்டம்பரில் கீழவையில் மசோதா 98க்கு 42 என்று தோற்றபோது அவர் வாக்கும் எதிர்ப்பக்கம். அவருக்கு முன்பிருந்த பிரதமர் கெவின் ரட் தேவாலயத்துக்குப் போகும் கிறிஸ்தவர். அவரும் அன்று எதிர்த்தார், ஆனால் 2013 மே மாதம் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதாக நீளமாக எழுதி விளக்கினார், தன் வேத வாசிப்போடு மல்லுக்கட்டியே அந்த முடிவுக்கு வந்தார். நம்பிக்கை இல்லாதவர் பதவியில் இருந்தவரை நகரவில்லை, நம்பிக்கை உள்ளவர் நகர்ந்தார்.

கட்சி விசுவாசத்துக்கு பென்னி வோங். அவர் தன்பாலீர்ப்பாளர், லேபர் அமைச்சர். கட்சி முடிவை மீறி வாக்களித்தால் வெளியேற்றம் என்பது லேபரின் பழைய விதி. கட்சி எதிர்த்த காலத்தில் அவரும் பொதுவில் கட்சி நிலைப்பாட்டையே பேசினார். 2010ல் அவர் பேசியதைக் கேட்டு எங்களில் பலருக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஆளே எங்களுக்கு எதிராகப் பேசுகிறாரே என்று. ஆனால் அவர் உள்ளே இருந்து தள்ளிக்கொண்டே இருந்தார். 2011 டிசம்பர் கட்சி மாநாட்டில் கொள்கை மாறியது. 2017 நவம்பர் 15ல் ஒருபாலினத் திருமணம் பற்றிய நாடு தழுவிய அஞ்சல் வாக்கெடுப்பின் முடிவு 61.6 சதவீதம் ஆம் என்று அறிவித்தபோது அவர் அழுதது உலகம் முழுக்கப் போனது.

கட்சி எதிர்த்த காலத்தில் அவர் செய்தது சரியா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வெளியேறியிருந்தால் மாநாட்டில் அவர் குரல் இருந்திருக்காது. உள்ளே இருந்ததால் அவர் வாயால் நாங்கள் கேட்கக் கூடாததைக் கேட்டோம். இரண்டும் உண்மை.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கெடுப்பில் நாட்டிலேயே அதிக இல்லை விழுந்தது மேற்கு சிட்னியின் பிளாக்ஸ்லேண்ட் தொகுதியில், நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே குறைவு. லேபர் கோட்டை அது. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய முன்னாள் பிரதமர் டோனி அபாட்டின் சொந்தத் தொகுதியான வாரிங்காவில் 75 சதவீதம் ஆம். மக்கள் கட்சிச் சீட்டு ஒரு பக்கமும் மனசாட்சி இன்னொரு பக்கமுமாகத்தான் வாழ்கிறார்கள். பிறகு வந்த மசோதாவின் இறுதி வாக்கின்போது அபாட் அவையை விட்டு வெளியே போய்விட்டார்.

—

நேர்கோடு எழுதியது:

வெளியே போவது, வராமலிருப்பது. இந்த இழையில் இது மூன்றாவது முறை. இதைத்தான் நான் பயப்படுகிறேன். எதிர்க்கிறேன் என்று சொல்லும் தைரியமும் இல்லை, ஆதரிக்கிற மனமும் இல்லை.

—

கிழக்குவாசல் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து ஒரு சிறு குறிப்பு. 2022 நவம்பரில், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கும் மசோதாவை அவையில் முன்வைத்தவர் தமிழரான சட்ட அமைச்சர் சண்முகம். 93க்கு 3 என்று நிறைவேறியது. ஆளும் கட்சி கொறடா உத்தரவைத் தளர்த்தவில்லை. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி தளர்த்தியது, தன் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது என்று அதன் தலைவரே அவையில் சொன்னார். கட்டுப்பாடு வைத்த கட்சியில் பக்தியுள்ளவர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். அதே நேரம், திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்தினார்கள். என் நண்பர்கள் சிலர் அன்று காலை மகிழ்ந்து மாலையில் அமைதியானார்கள்.

கொறடா நல்லதா கெட்டதா என்றால், யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மனசாட்சி வாக்கு என்பதும் பல சமயம் தலைமை தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழிதான்.

—

சபைமணி எழுதியது:

கொறடா பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் 2005ல் பிரதமர் பால் மார்ட்டின் கத்தோலிக்கர். சமத்துவத் திருமணத்தை அவர்தான் கொண்டுவந்தார். பின்வரிசை உறுப்பினர்களுக்குச் சுதந்திரம், அமைச்சர்களுக்கு ஆதரித்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு. ஜோ கொமுஸி என்ற அமைச்சர் தன்னால் முடியாது என்று பதவியை விட்டுவிட்டு, அவைக்கு வந்து, எதிர்த்து வாக்களித்தார். மசோதா 158க்கு 133 என்று ஜெயித்தது. நேர்கோடு கேட்கும் நேர்மைக்கு என்னிடம் உள்ள உதாரணம் இது. அவர் கருத்தை நீங்கள் எதிர்க்கலாம். ஆனால் பதவியையும் வைத்துக்கொண்டு கழிவறைக்குள் ஒளியவில்லை.

—

பனையடி எழுதியது:

இந்தியாவில் நிலைமையே வேறு, அதையும் பதிவு செய்கிறேன். 1985ன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். அதனால் மனசாட்சி என்ற பேச்சுக்கு இடம் குறைவு. 2015 டிசம்பரில் சசி தரூர், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தபோது, விவாதம்கூட வேண்டாம், அறிமுகம் செய்யவே 71 பேர் எதிர்ப்பு, 24 பேர் ஆதரவு. 543 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய அவையில் மற்றவர்கள் எங்கே? 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் முன் மத்திய அரசு, அதை நீதிமன்றத்தின் முடிவுக்கே விடுகிறோம் என்றது. ஒரு அரசு இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ வாய் திறக்கவில்லை.

தமிழ்நாட்டில் எனக்கு ஆறுதலான ஒரு பெயர் அரசியல்வாதி இல்லை, நீதிபதி. 2021ல் இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, உளவியலாளரிடம் அமர்வு கேட்டுப் போய்ப் புரிந்துகொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொன்னார். தனக்குத் தெரியாது என்று பதவியில் இருந்துகொண்டே சொல்கிற ஒருவரை எந்தக் கட்சி மேடையிலும் நான் பார்த்ததில்லை.

—

மார்கழி எழுதியது:

பனையடி தம்பி சொன்ன அந்தச் சிகிச்சை விஷயம்தான் இப்போது இங்கே நடக்கிற சண்டை. 2018ல் தெரசா மே அரசு அதைத் தடை செய்வதாக அறிவித்தது. பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2024ல் அரசின் திட்டங்களை வாசிக்கும் அரசர் உரையிலும் வரைவு மசோதா என்றுதான் இருந்தது. கதவுதட்டி, உங்கள் வேட்பாளரிடம் பாவத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். இதைக் கேளுங்கள். தடைக்கு வாக்களிப்பாரா? ஜெபம் என்ற பெயரில் பிள்ளைகளை உட்கார வைத்து மாற்றப் பார்ப்பதை அவர் எந்தப் பக்கம் வைப்பார்? என் மகளின் தோழிக்கு அப்படி நடந்திருக்கிறது. ஒரு வருடம் அவள் கண்ணாடி பார்க்கவில்லை.

—

கதவுதட்டி எழுதியது:

இரண்டு வேலை செய்தேன். முதலில் நண்பரிடம் பேசினேன். தொலைபேசியில் முடியாது என்று நேரில் போனேன். நாலு நாள் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது: "அந்த ஆள் பாவம் என்று சொன்னது எனக்குப் பழகிப்போன விஷயம். அறையில் ஐம்பது பேர் இருந்தார்கள். முடிந்ததும் ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை." நானும் அந்த ஐம்பதில் ஒருவன்.

பிறகு இருவரும் சேர்ந்து வேட்பாளருக்கு மின்னஞ்சல் எழுதினோம். மார்கழி அக்காவின் கேள்விகள் அப்படியே. மறுநாள் இரவே பதில் வந்தது, ஒரு பக்கத்துக்கு. தடையை ஆதரிப்பேன். ஒருவர் தானாகத் தேடி வந்து ஜெபிக்கக் கேட்பதைக் குற்றமாக்கக் கூடாது என்று திருத்தம் கேட்பேன். திருத்தம் தோற்றாலும் மசோதாவுக்கே வாக்களிப்பேன், சிறுவர்கள் விஷயத்தில் எந்த விலக்கும் கேட்க மாட்டேன், என்று எழுதியிருந்தார். நண்பர் அதை இரண்டு முறை படித்தார். "மூன்றாம் வாசிப்பன்று அவையில் இருப்பாரா, கேளுங்கள்" என்றார். இந்த இழையை அவருக்குக் காட்டியிருந்தேன்.

கேட்டேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நான் அன்று வருவேன். சபையில் எனக்கு அது சுலபமாக இருக்காது. ஆனாலும் வருவேன்" என்றார்.

—

நேர்கோடு எழுதியது:

இந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். மற்ற இரண்டு பேருக்கும் இதே கேள்விகளை அனுப்புங்கள். சபைக்குப் போகாதவர்கள் என்பதால் அவர்கள் பதில் தானாகச் சரியாகிவிடாது. இதை நான் சொல்வேன் என்று இழையின் தொடக்கத்தில் நினைக்கவில்லை.

—

கதவுதட்டி எழுதியது:

சனிக்கிழமை முடிந்தது. மூவருக்கும் அனுப்பினோம். ஒரு பெண் வேட்பாளர் முழுமையாக, நன்றாகப் பதில் எழுதினார். மூன்றாமவர், கட்சித் தலைமை சொல்கிறபடி நடப்பேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கேள்விக் கணைகளிலிருந்து தப்பித்தவர் அன்று செவ்வாய்க்கிழமை அவர்தான், யாருமே அவரை இதைப் பற்றிக் கேட்கவில்லை.

விருப்ப வரிசையில் நான் அந்தப் பெண்ணுக்கு 1 போட்டேன், சபைக்குப் போகும் நம் வேட்பாளருக்கு 2. நண்பர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. எண்ணிக்கையில் அந்தப் பெண் ஏழு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார், இவர் இரண்டாவது.

மறுநாள் ஞாயிறு மதியம் துண்டறிக்கை போடும் வேலை இருந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை, சபை முடிந்த கையோடு, அங்கே போட்டிருந்த அதே கோட்டோடு இவர் வந்து நின்றார். மேடான தெரு ஒன்று பாக்கி இருந்தது, நூற்றிருபது வீடு. நண்பர் கட்டைப் பாதியாகப் பிரித்து அவரிடம் கொடுத்தார். ஒற்றைப்படை எண் வீடுகள் உங்களுக்கு என்றார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக ஏறத் தொடங்கினார்கள். நான் கீழ்த்தெருவை எடுத்துக்கொண்டேன்.